அன்னாசித் தோலுக்காக ஜொகூர் போன கதை

மலாயாவுக்குப் போகிறவர்கள் பணம் கொண்டுவருவார்கள், இல்லாவிட்டால் காய்ச்சல் கொண்டுவருவார்கள். நான் அன்னாசிப் பழத்தின் தோலுக்காகப் போனேன். இதைச் சொன்னபோது சென்னையில் சிரிக்காதவர் என் மாமனார் ஒருவர்தான். பெண்ணைக் கொடுத்தாயிற்றே என்ற கவலை அவருக்கு.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ரசாயனம் படித்தவன். அதிலும் உயிருள்ளவற்றின் ரசாயனம். தின்ற சோறு எப்படிக் கரைந்து ரத்தமும் சூடும் ஆகிறது என்று பார்ப்பது என் தொழில். அந்தக் கரைக்கிற வேலையைச் செய்யும் பொருளுக்கு என்சைம் என்று பெயர். ஒரு சிட்டிகை என்சைம், தான் தீர்ந்துபோகாமல், ஒரு பானை இறைச்சியைக் கரைத்துவிடும். சீரணம் கெட்டவர்களுக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கும் பெப்சின் அந்த ஜாதிதான். ஆனால் அது பன்றியின் வயிற்றிலிருந்து எடுப்பது. விஷயம் தெரிந்தால் நம் ஊர்ச் சைவரும் தொடமாட்டார், முஸ்லிமும் தொடமாட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே தவிர மருந்தைக் குடிக்கமாட்டார். ஆகவே செடியிலிருந்து அதே வேலையைச் செய்யும் என்சைமை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆராய்ச்சி. முதலில் பப்பாளிப் பால், பிறகு அத்திப் பால், கடைசியில் அன்னாசி என்று என் இளமையெல்லாம் கண்ணாடிக் குழாய்களுக்குள் போய்விட்டது.

எங்கள் ஆராய்ச்சிச் சாலையின் டைரக்டர் ஒரு வெள்ளைக்காரர். மனிதர்களில் ஒருவகை உண்டு, நல்ல செய்தியைச் சொல்லும்போதும் பல் வலிக்கிற முகத்தோடுதான் சொல்லுவார்கள். "ஜொகூரில் பழத்தை டின்னில் அடைத்துவிட்டுத் தோலை மலையாகக் கொட்டுகிறார்களாம். அங்கே ஒரு முதலாளி உனக்கு இடமும் தோலும் கொடுக்கச் சம்மதித்தால் போய் வேலை செய். சம்மதம் என்றால் தந்தி அடி. இல்லை என்றாலும் தந்தி அடி. பால் பகுதியில் ஆள் தேவைப்படுகிறது" என்றார். பால் பகுதி என்றால் நகரசபை அனுப்பும் பாலில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது. சென்னையில் அதற்கு ஆராய்ச்சி எதற்கு? எவ்வளவு பால் என்று பார்த்தால் சீக்கிரம் முடிந்துவிடும்.

ஜொகூர் பாருவில் ரயிலை விட்டு இறங்கியபோது மழை. அந்த ஊரில் மழை நம் ஊரைப்போலக் கறுத்து, இடித்து, நாலு பேருக்குச் சொல்லிவிட்டு வருவதில்லை. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தலையில் ஒரு குடத்தைக் கவிழ்க்கும். துடைத்துக்கொள்வதற்குள் மறுபடி வெயில். நனைந்த கோட்டோடு வேகவைத்த இலை அடை மாதிரி நின்ற என்னை அழைத்துப்போக ஸ்டேஷன் மாஸ்டரே வந்தார். பெயர் தில்லையம்பலம். யாழ்ப்பாணத்துக்காரர். சென்னையில் என்னோடு வேலை செய்யும் ஒருவருக்கு உறவு. அவர் வீட்டில்தான் நான் தங்குவதாக ஏற்பாடு.

"ரயில் ரண்டு நிமிஷம் பிந்திப்போச்சு. குறை நினைக்காதையுங்கோ" என்பதுதான் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. நம் ஊரில் நேற்று வரவேண்டிய ரயில் இன்றைக்கு வந்தால் ஸ்டேஷன் மாஸ்டர் நம்மைத்தான் முறைப்பார். இவர் பேச்சுக்குப் பேச்சு சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். சூரியன் சரியாக வருகிறதா என்று தினமும் காலையில் இவர் சரிபார்ப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் மனைவி நாகம்மா நல்ல அம்மாள். ஆனால் அந்த வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி நான் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். சோறு சிவப்பு, ஒவ்வொரு பருக்கையும் துவரம்பருப்புப் பருமன். அதன்மேல் சொதி என்று மஞ்சள் போட்ட தேங்காய்ப் பாலை ஊற்றினார்கள். குழம்பு வரும், ரசம் வரும் என்று இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் சொதிதான் வந்தது.

"வடிவாச் சாப்பிடுங்கோ தம்பி. கூச்சப்படாதையுங்கோ" என்றார் அம்மாள். அவர் சாப்பிடவில்லை. கந்தசஷ்டி விரதமாம், அன்றைக்குத்தான் தொடக்கம். இரவில் பாலும் பழமும் மட்டும். கடல் தாண்டிவந்து மூங்கில் காட்டுக்கும் முதலைக்கும் நடுவில் குடியிருந்துகொண்டு, சூரனை ஜெயிப்பதற்குப் பட்டினி கிடக்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நான் விஞ்ஞானி அல்லவா, சிரிப்பை அடக்கவேண்டிய கடமை எனக்கு இல்லை என்பது அப்போது என் கொள்கை.

சாப்பாட்டுக்குப் பின் என் பெட்டியைத் திறந்து சாமான்களை எடுத்துவைத்தேன். கண்ணாடித் தாள்போல மெல்லிய தகடுகள் உள்ள ஒரு பொட்டலத்தைப் பார்த்து, "இது என்ன சாமான் தம்பி?" என்று கேட்டார் அம்மாள்.

"ஜெலட்டின் அம்மா. வெந்நீரில் கரைத்துக் குளிரவைத்தால் பாகாக உறையும். என் என்சைமை அதன்மேல் ஊற்றினால் உறைந்தது கரைந்து தண்ணீராகிவிடும். முதலாளிக்குக் காட்டத்தான் கொண்டுவந்திருக்கிறேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இது எதில் செய்கிறது தெரியுமா? மாட்டு எலும்பு, மாட்டுத் தோல். நாள் கணக்காக வேகவைத்து எடுப்பது" என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். விரதக்காரியை ஒரு திடுக்கு திடுக்கிட வைத்துப் பார்க்கும் ஆசைதான், வேறொன்றுமில்லை.

"ஓ" என்றார் அம்மாள். பிறகு, பன்றி வயிற்றுப் பெப்சினைச் சைவர் தொடமாட்டார் என்று ஆரம்பித்து, என் ஆராய்ச்சியின் மகிமையெல்லாம் அவருக்கு நான் விளக்கினேன். மிகவும் கவனமாகக் கேட்டார்.

மறுநாள் தொழிற்சாலைக்குப் போனேன். ஊருக்கு வெளியே, சேற்று ஓடைக்கரையில் ஒரு தகர மாளிகை. அரை மைலுக்கு முன்னாலேயே வாடை வந்துவிட்டது. பாதி கல்யாண வீடு, பாதி கள்ளுக்கடை. உள்ளே சீன ஆண்களும் பெண்களுமாக வரிசையாக நின்று பழத்தைச் சீவிக்கொண்டிருந்தார்கள். கத்தி போகிற வேகம் கண்ணில் நிற்கவில்லை. எல்லார் விரல்களிலும் துணி சுற்றியிருந்தது. துணி இல்லாத விரல் நுனிகளில் தோல் உரிந்து, வெந்த மாதிரி சிவந்திருந்தது.

எனக்குத் துணைக்கு வந்தவர் காத்தமுத்து என்ற மண்டோர். மண்டோர் என்றால் அங்கே கூலியாட்களுக்கு மேஸ்திரி. லாரியில் பழம் இறக்குகிற தமிழர்களுக்கு இவர் தலைவர். அந்த நாட்டிலேயே பிறந்தவர். மலாய், சீனம், தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார்.

"பழத்துத் தண்ணி கைய தின்னுடுதுங்க சார். ஒரு மாசம் வேல செஞ்சா ஒரு மாசம் உக்காந்திருக்கணும்லா. தவுக்கே கையொறை வாங்கி குடுத்தாரு, அத மாட்டிக்கிட்டா கத்தி வழுக்குதாம், கழட்டி எறிஞ்சிட்டாங்க" என்றார்.

இதைத்தானே ஐயா நான் டைரக்டரிடம் பக்கம் பக்கமாக எழுதி நிரூபிக்கப் பாடுபடுகிறேன் என்று நினைத்தேன். மனிதத் தோலைக் கரைக்கிற சாறு மருந்துக்கு ஆகாதா? அந்தச் சாற்றோடு தோலை அள்ளி அள்ளி ஓடையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் காக்கை, ஒரு பக்கம் பன்றி. உலகத்தில் சீரணத்துக்குக் குறைவே இல்லாத பன்றிகள் இந்த ஓடைக்கரைப் பன்றிகள்தான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். இங்கே கற்பூரத்தைக் கழுதைக்கே தீனியாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தவுக்கே என்றால் முதலாளி. தங்கச் சங்கிலியும் பட்டுச் சட்டையுமாக ஒரு பருத்த ஆளை எதிர்பார்த்துப் போனேன். கிழிந்த பனியன் போட்ட ஒல்லி மனிதர் ஒருவர் டின் மூடிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் வழி கேட்டேன். அவர்தான் தவுக்கே. நம் ஊர் முதலாளிகள் வேலை செய்யாமலிருப்பதே முதலாளிக்கு அடையாளம் என்று நினைப்பவர்கள். இவர் கூலிக்காரன் மாதிரி இருந்துகொண்டு நம்மை ஏமாற்றுகிறார். எது மோசம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நான் சொன்னதைக் காத்தமுத்து மலாயில் சொன்னார். தவுக்கே கொஞ்ச நேரம் என் காலணியைப் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார்.

"தோல தின்னா வயிறு நல்லாயிடுமான்னு கேக்குறாருங்க."

"தோலைத் தின்னவேண்டாம். அதிலிருந்து ஒரு பொடி எடுப்போம். அது சாப்பாட்டைக் கரைக்கும்."

மறுபடி பேச்சு. "அப்ப காட்டுங்க, கண்ணால பாத்தா நம்புறேங்கிறாரு. பின்னால இருக்கிற கொட்டா சும்மாதான் கெடக்குதாம். காட்டிட்டா அத எடுத்துக்கலாமாம், தோலும் வேணுங்கிற மட்டும் அள்ளிக்கலாமாம்."

அந்தக் கொட்டகையைப் போய்ப் பார்த்தேன். பழைய தகரக் கொட்டகை. ஒரு பக்கம் குழாய்த் தண்ணீர், ஒரு பக்கம் வெளிச்சம், காலடியில் தோல். வடிகட்டிகளை எங்கே வைப்பது, மேஜையை எந்தச் சன்னலுக்குப் போடுவது என்றெல்லாம் மனத்துக்குள் திட்டம் போட்டேன். எனக்கு அதுவரை சொந்தமாக ஓர் அறை இருந்ததில்லை. சென்னையில் மூன்று பேரோடு ஒரு மேஜையைப் பங்குபோட்டுக்கொண்டு, மற்றவர்கள் காப்பி குடிக்கப் போகும்போது என் குழாய்களைச் சூடாக்கியவன் நான். அந்த நாற்றம் பிடித்த கொட்டகையில் நின்று நான் சந்தோஷப்பட்டதுபோல் என் கல்யாணத்தில்கூடச் சந்தோஷப்பட்டதில்லை.

தவுக்கே ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்கு வந்து பார்ப்பது என்று நாள் குறித்தோம். தொழிற்சாலை நாற்றத்தில் விஞ்ஞானம் காட்ட எனக்கு மனமில்லை.

குறித்த நாளன்று காலையில் கோத்தா திங்கி சாலையில் உள்ள ஒரு தோட்டத்துக்குப் போகவேண்டியிருந்தது. பழத்தைவிடச் செடியின் அடித்தண்டில் என்சைம் அதிகம். புதிதாக வெட்டின தண்டின் சாறு கிடைத்தால் காரியம் கச்சிதமாக நடக்கும். மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்று கார்க்காரன் சொன்னான். எல்லாக் கார்க்காரர்களும் சொல்வது அதுதான்.

புறப்படும்போது ஜெலட்டின் பொட்டலத்தை நாகம்மாவிடம் கொடுத்தேன். "நான் வர நேரமானால், இதை வெந்நீரில் கரைத்து ரெண்டு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி ஐஸ்மேல் வைத்து உறையவைத்துவிடுங்கள் அம்மா. ஐஸுக்குச் சொல்லியிருக்கிறேன், ஆள் கொண்டுவருவான். இந்த ஊர்ச் சூட்டில் ஐஸ் இல்லாமல் இது உறையாது."

"யோசிக்காமல் போயிட்டு வாங்கோ தம்பி. நான் செய்து வைக்கிறன்" என்றார்.

தோட்டம் இளம் ரப்பர்க் கன்றுகளுக்கு நடுவில் அன்னாசி போட்ட தோட்டம். அன்னாசி இலையின் ஓரம் ரம்பப் பல். என் வேட்டியைக் கிழித்து, முழங்காலைக் கிழித்து, கடைசியில் தன் தண்டை எனக்குக் கொடுத்தது. அங்கேயே இடித்துப் பிழிந்து துணியில் வடிகட்டிப் பாட்டில்களில் நிரப்பி, மரத்தூளும் ஐஸும் போட்ட பெட்டியில் வைத்தேன். திரும்பும்போது மழை. அந்தச் சாலை மழை பெய்தால் சிவப்புக் களிமண். கார் ஒரு வளைவில் வழுக்கிப் பக்கத்துக் கால்வாய்க்குள் பாதி இறங்கி, அப்படியே உட்கார்ந்துகொண்டது.

"அலமாக்!" என்றான் கார்க்காரன், ஒரு மலாய்க்காரன். அது அவர்கள் ஐயையோ. பிறகு ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு மரத்தடியில் போய் நின்றான். நம் ஊர் வண்டிக்காரனாக இருந்தால் மாட்டைத் திட்டுவான், நம்மைத் திட்டுவான், அந்தச் சாலை போட்டவனின் பரம்பரையைத் திட்டுவான். காரியம் நடக்காவிட்டாலும் நமக்கு ஓர் ஆறுதல் இருக்கும். இவன் மழை விடும் என்றான். மழை எப்போதாவது விடத்தானே வேண்டும்! கடைசியில் எஸ்டேட் கூலியாட்கள் சிலர் வந்து தள்ளிவிட்டார்கள்.

"எங்க சார் போறீங்க இந்த மழையில? பொட்டியில என்னங்க, மீனா?" என்று ஒருவர் கேட்டார்.

"அன்னாசித் தண்டுச் சாறு" என்றேன்.

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாவம், படிச்சவரு மாதிரி இருக்காரு" என்று ஒரு பெண்பிள்ளை சொன்னது என் காதில் விழுந்தது.

வீடு வந்து சேர்ந்தபோது பெட்டியில் ஐஸ் தண்ணீராகி மரத்தூள் கஞ்சியாகியிருந்தது. பாட்டில்கள் வெதுவெதுப்பாக இருந்தன. அதைவிடப் பெரிய செய்தி, வீட்டுக்கும் ஐஸ் வந்து சேரவில்லை. மழையில் ஐஸ்காரன் வரவேயில்லையாம். தவுக்கேயின் மோட்டார் வாசலில் நின்றது. ஆனால் வராந்தா மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களில் பளிங்குபோலப் பாகு உறைந்து நின்றது. விரலால் தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை.

"அம்மா, நீங்கள் தெய்வம்!" என்றேன். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தவுக்கே அன்றைக்கு வெள்ளைக் கோட்டுப் போட்டு வந்திருந்தார். காத்தமுத்து, தில்லையம்பலம், அவர் கடிகாரம் எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். ஒரு கிண்ணத்தில் கொதிக்கவைத்த சாறு. கொதித்தால் என்சைம் செத்துவிடும், ஆகவே இந்தக் கிண்ணம் அப்படியே இருக்கும். மற்றதில் பச்சைச் சாறு. இது உங்கள் கண்முன்னால் கரைந்து ஓடும். ஊற்றினேன். காத்திருந்தோம்.

தில்லையம்பலம் கடிகாரத்தைப் பார்த்தார். தவுக்கே கிண்ணத்தைப் பார்த்தார். காத்தமுத்து என்னைப் பார்த்தார். ஒரு கிண்ணமும் அசையவில்லை. கொஞ்சம் நேரமாகும் என்றேன். கரண்டியால் தட்டினேன். இன்னும் கொஞ்சம் சாறு ஊற்றினேன். இரண்டு கிண்ணமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்றாக உட்கார்ந்திருந்தன. வெளியே மழை விட்டு, வெயில் அடித்து, மறுபடி மழை பிடித்துக்கொண்டது. சென்னையில் ஆயிரம் தடவை கரைந்தது ஜொகூரில் ஒரு தடவை கரையமாட்டேன் என்றது. வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அது.

"ஐஸ் இல்லாமல் சாறு கெட்டுவிட்டது" என்றேன்.

"பரவால்லன்னு சொல்றாருங்க" என்றார் காத்தமுத்து. தவுக்கே அதற்கு மேலும் நீளமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் நாகம்மா ஒரு தட்டு நிறைய இன்னும் சில கிண்ணங்களைக் கொண்டுவந்தார். வீடு தேடி வந்தவர்களுக்கு வெறும் பாகு காட்டி அனுப்பலாமா என்று, சர்க்கரையும் வாசனைக்கு ரம்பை இலையும் போட்டு, பச்சை நிறத்தில் தனியாகச் செய்திருந்தார். எல்லாரும் சாப்பிட்டார்கள். தவுக்கே இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். துக்கத்தில் நானும் ஒன்று சாப்பிட்டேன். பல்லில் நறுக்கென்று கடிபட்டது. நன்றாகவே இருந்தது.

தவுக்கே சொன்னதைப் போகும்போதுதான் காத்தமுத்து எனக்குச் சொன்னார். "இப்படி ஒறைய வச்சு உள்ள பழத்துண்டு போட்டு டின்னுல அடைச்சா நல்லா வெலபோகும்லா, கொட்டாவுல அதத்தான் செய்யப் போறேங்கிறாரு. அம்மாகிட்ட பக்குவம் கேட்டுக்கிட்டாரு. நீங்க மனச விட்டுடாதீங்க சார்."

என் கொட்டகையில் பலகாரம்! சன்னலுக்கு நேரே என் மேஜை நிற்கவேண்டிய இடத்தில் அடுப்பு! அன்று சாயங்காலம் தில்லையம்பலத்தின் ஆபீசிலிருந்து டைரக்டருக்குத் தந்தி அடித்தேன். இல்லை என்ற ஒரே வார்த்தை. பிறகு வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த சாற்றைப் பின்பக்கச் சாக்கடையில் ஊற்றினேன். பல வருஷ வேலை. ஊற்றும்போது அழுதேன் என்று எழுத எனக்குக் கூச்சமில்லை.

கிளம்புகிற நாளில் என்னை வழியனுப்ப ஸ்டேஷனுக்கு நாகம்மாவும் வந்தார். விரதம் முடிந்து முகம் தெளிவாக இருந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு சன்னல் வழியாக ஒரு பொட்டலத்தை நீட்டினார். காகிதத்தில் சுற்றி நூலால் கட்டியிருந்தது.

"இது உங்கட சாமான் தம்பி. பத்திரமா வெளியில, விறகு வைக்கிற இடத்தில வச்சிருந்தனான்."

பிரித்துப் பார்த்தேன். ஜெலட்டின். கண்ணாடித் தகடுகள் ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே இருந்தன.

"அம்மா! அப்படியானால் அன்றைக்குக் கிண்ணத்தில் இருந்தது?"

"அது அகார் அகார் தம்பி. கடல்பாசி. மலாய்க் கடையில வாங்கி நானே காய்ச்சினது. சஷ்டி விரதத்தில மாட்டெலும்பை அடுப்படிக்குள்ள விட ஏலுமோ? ரண்டும் உறையிற சாமான்தானே எண்டு நினைச்சன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, சமாதானமாகச் சேர்த்துக்கொண்டார்: "நீங்கள்தானே சொன்னியள், பன்றியில செய்த மருந்தை எங்கட ஆக்கள் தொடமாட்டினம், அதுக்காகத்தான் இவ்வளவு பாடும் எண்டு. உங்களுக்கு விளங்கும் எண்டு தெரியும்."

ஊருக்குத்தான் உபதேசம் என்று இதைத்தான் சொல்வார்கள். சைவர் பன்றியைத் தொடமாட்டார் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு ஆராய்ச்சியையே நடத்துகிறவன், விரதம் இருக்கிற சைவ அம்மாளின் கையில் மாட்டெலும்பைக் கொடுத்துக் கரைத்து வைக்கச் சொன்னேன். கடல்பாசி வேறு ஜாதி. என் என்சைம் இறைச்சியையும் எலும்புப் பாகையும் கரைக்குமே தவிர, கடல்பாசியை யுகம் யுகமாக ஊற்றினாலும் கரைக்காது. இது ஒரு பக்கம் இருக்கட்டும். ஜொகூர் மத்தியான வெயிலில், ஐஸ் இல்லாமல், ஒரு பாகு கல் மாதிரி நிற்கிறதே, அது ஜெலட்டினாக எப்படி இருக்கும் என்று கேட்க எனக்கு விஞ்ஞானம்கூட வேண்டாம். நானே என் வாயால், ஐஸ் இல்லாமல் உறையாது என்று சொல்லிவிட்டுப் போனவன். வாய்க்குள் கரையாமல் நறுக்கென்று கடிபட்டதையும் துக்கத்தோடு மென்று விழுங்கினவன். அந்த ஊரில் நான் பார்த்த முட்டாள்களையெல்லாம் வரிசையாக நிறுத்தினால் முதல் ஆள் யார் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

இறங்கிவிடலாம் என்று எழுந்தேன். தவுக்கேயின் காலில் விழுந்தாவது இன்னொரு தடவை காட்டலாம். ஆனால் பிளாட்பாரத்தின் கோடியில் தில்லையம்பலம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பச்சைக் கொடியை ஆட்டிவிட்டார். வண்டி நகர்ந்தது. இரண்டு நிமிஷம் பிந்தினதற்கு மன்னிப்புக் கேட்ட மனிதர், அன்றைக்கு ஒரு நிமிஷம் பிந்தியிருக்கக் கூடாதா?

"போயிட்டு வாங்கோ தம்பி!" என்று நாகம்மா கையசைத்தார். நானும் அசைத்தேன். அவர்மேல் கோபப்பட ஒரு காரணம் தேடினேன். கடலைத் தாண்டிச் சிங்கப்பூர் போகும் வரைக்கும் தேடியும் கிடைக்கவில்லை.

சிங்கப்பூரில் கப்பல் ஏறுவதற்கு முன் ஓர் அன்னாசிப் பழம் வாங்கினேன். கப்பல் சமையற்காரர் நாகூர்க்காரர், மரைக்காயர். அவரிடம் கெஞ்சி ஒரு துண்டு ஐஸும் இரண்டு கண்ணாடித் தம்ளரும் வாங்கினேன். ஜெலட்டினைக் கரைத்து இரண்டிலும் ஊற்றி, ஒன்றில் கொதிக்கவைத்த சாறும் மற்றதில் பச்சைச் சாறும் கலந்து, ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன். கொட்டகை போய்விட்டது, தந்தியும் போய்விட்டது. இருப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். ஒரு தம்ளரில் பாகு உறைந்து, சாய்த்தாலும் அசையாமல் நின்றது. மற்றதில் வெறும் தண்ணீர், ஓடை நீர்போலத் தெளிந்து. என் என்சைம் சாகவில்லை. ஜொகூரிலும் செத்திருக்காது, அந்த வெதுவெதுப்பு அதற்கு இதமாகவே இருந்திருக்கும். சாக்கடையில் ஊற்றினேனே, அப்போதும் உயிரோடுதான் இருந்திருக்கும்.

மரைக்காயர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "ஒண்ணு நல்லா வந்திருக்கு. இன்னொண்ணு உறையவே இல்லியே தம்பி. பதம் தப்பிப்போச்சு போல. போவுது, இனி வேணும்னா எங்கிட்ட சொல்லுங்க, நான் செஞ்சு தர்றேன்" என்றார். அவருக்கு என்மேல் உண்மையாகவே இரக்கமாக இருந்தது.

ஊரில் எனக்காகப் பால் பகுதி காத்துக்கொண்டிருந்தது. இனி ஆயுசு முழுக்கத் தண்ணீரைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் வேலை. முதல் தண்ணீரைக் கப்பலிலேயே கண்டுபிடித்துவிட்டேன்.

"இத கடல்ல கொட்டிடட்டுமா?" என்று மரைக்காயர் அந்தத் தம்ளரை எடுத்தார்.

"வேண்டாம், இப்படிக் கொடுங்கள்" என்று வாங்கி, ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.